ஹுடாக் சகோதரர்களின் ஆகஸ்டு

1951-ஆம் வருடத்து ஆகஸ்டு மாதம் எமில் ஹுடாக்குக்கு நல்லபடியாகத்தான் பிறந்தது. முதல் வாரத்திலேயே அவனுடைய ஹாரிங்டன் பேஸ்பால் அணியின் பிட்சர் லோனி பிரிட்ஜஸ், எதிராளிகளில் ஒருவனையும் ஒரு அடிகூட அடிக்க விடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்தான். கடைசி ஆள் மட்டையைச் சுழற்றி ஏமாந்ததும் பந்து எமிலின் கையுறைக்குள் வந்து விழுந்தது. அதைக் கழற்றாமலேயே எமில் ஓடிப்போய் லோனியைக் கட்டித் தூக்கினான். சனங்கள் வேலியைத் தாண்டிக் குதித்து வந்தார்கள்.

அன்று பத்திரிகைக்காரர் ஒருவர் லோனியிடம், "எப்படிய்யா இப்படிப் போட்டே?" என்று கேட்டார். ஓக்லஹோமாவில் கோதுமை வயலும் காற்றும் மட்டுமே பார்த்து வளர்ந்தவன் லோனி. பேச்சு அவ்வளவாக வராது. காது சிவக்க எமில் பக்கம் கையைக் காட்டினான்.

"நான் எதையும் யோசிக்கிறதே இல்லைங்க. இவரு விரலால எந்த இடத்தைக் காட்டுறாரோ அந்த இடத்துல போடுறேன். அவ்வளவுதான்."

மட்டைக்காரன் நிற்கும் இடத்தில் தரையில் பதித்த தட்டுக்குப் பின்னால், பிட்சரை நேருக்கு நேர் பார்த்துக் குந்தியிருப்பவன் கேட்சர். மட்டைக்காரனின் கண்ணுக்குப் படாமல், தொடைகளுக்கு நடுவே விரல்களை நீட்டி மடக்கி, என்ன பந்து, எந்தப் பக்கம் என்று அவன்தான் சொல்ல வேண்டும். எமில் பதின்மூன்று வருடமாக அந்த வேலையைச் செய்துவந்தான். நடுவில் மூன்று வருடம் போருக்குப் போய்வந்தான். வலது கை விரல்கள் பந்து பட்டுப் பட்டு ஒடிந்து இஞ்சிக் கிழங்கு மாதிரி ஆகிவிட்டன. வயது முப்பத்துமூன்று. பெரிய லீக்கிலிருந்து இனி யாரும் கூப்பிடப் போவதில்லை என்பது அவனுக்குத் தெரியும். அதைப் பற்றி யாரிடமும் புலம்பியதும் இல்லை.

கூப்பிடப் போவது அவன் தம்பியை.

பத்து வயது இளையவன் ரூடி. எமில் ஆடிய அதே சின்ன லீக்கில் பெல்ஃபோர்ட் அணிக்கு ஆடினான். அந்த மாதம் அவன் மட்டையைத் தொட்டாலே பந்து வேலிக்குப் பறந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் அடித்தான், மழையில் அடித்தான், கணுக்கால் வீங்கிக் கிடந்த அன்றும் நொண்டிக்கொண்டு வந்து அடித்தான். செப்டம்பரில் சிகாகோவின் பெரிய அணிக்குக் கூட்டிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அப்பா நுரையீரல் நிறைய நிலக்கரித் தூளோடு செத்தபோது ரூடிக்கு எட்டு வயது. அவன் கையில் மட்டையைக் கொடுத்தது எமில்தான். சுரங்கத்துக் கரிமேட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் நிற்க வைத்து, "பயப்படாதேடா, தட்டுப் பக்கமாக் குனி, தூரமாப் போற பந்தும் உனக்கு எட்டும்" என்று சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். ரூடி இன்றைக்கும் அப்படித்தான் நின்றான். முழங்கால் மடக்கி, தலையைத் தட்டுக்கு மேலே நீட்டி, கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிறவனைப் போல.

அப்படி நிற்பவனை எப்படி மடக்குவது என்று எமிலுக்குத் தெரியாமல் இருக்குமா? இரண்டு பந்தைத் தூரமாகப் போட்டு அவனை இன்னும் குனிய வைக்க வேண்டும். மூன்றாவதை உடம்பை ஒட்டி, நெஞ்சு உயரத்துக்கு வேகமாக விட வேண்டும். மட்டையைக் கொண்டுவர அவனுக்கு நேரம் இருக்காது. இதை எமில் இரண்டு வருடமாக எவனிடமும் சொல்லவில்லை. ஹாரிங்டனின் மேலாளர் பக் டெலானி கேட்காமல் இல்லை.

"இடுப்புல துணி இல்லாம ஓடின காலத்திலேருந்து அவனப் பாக்குறே. எங்க போட்டா அவனுக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"அவனுக்கு எல்லா இடமும் ஆகும், பக்."

"பொய் சொல்றே. நல்ல அண்ணன்தான். ஆனா சம்பளம் குடுக்கிறது நான், உங்கம்மா இல்லை."

எமில் சிரித்து மழுப்பினான்.

மாத நடுவில் பெல்ஃபோர்ட் அணி ஹாரிங்டனுக்கு வந்தது. முதல் இடத்துக்கு இரண்டு அணிகளும் முட்டிக்கொண்டு நின்ற நேரம். ஆட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அண்ணன் தம்பி இருவரும் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள். பேருந்தில் முக்கால் மணி நேரம். சுசானா ஹுடாக் முட்டைக்கோஸ் இலைக்குள் இறைச்சியும் அரிசியும் வைத்துச் உருண்டையாகச் சுருட்டிப் பெரிய பானை நிறைய வேகவைத்திருந்தாள். மேசையில் கசகசா ரொட்டியும் இருந்தது.

"நாளைக்கு யாரு ஜெயிப்பீங்க?" என்று கேட்டாள்.

"நான்தான். இந்தக் கிழவனுக்கு முட்டி மடங்கவே மாட்டேங்குது. குந்துனா எழுந்திரிக்க ரெண்டு ஆள் தூக்கணும்," என்றான் ரூடி.

"பேசுடா பேசு. நாளைக்கு நீ மட்டையை ஊன்றிக்கிட்டு ஒத்தையா நடந்து போறப்ப உன் மூஞ்சியைப் பாக்குறேன்."

"ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுத் தின்னுங்க," என்றாள் அம்மா. "எவன் தோத்தாலும் அவனுக்கு ரெண்டு உருண்டை கூட வைப்பேன்."

மறுநாள் சாயங்காலம் மைதானத்தில் எள் போட இடமில்லை. சிகாகோ அணியிலிருந்து ஒருவர் வந்து, வைக்கோல் தொப்பியும் சுருட்டுமாக வேலியோரம் உட்கார்ந்திருந்தார். யாரைப் பார்க்க வந்திருக்கிறார் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை.

ரூடி முதல் தடவை வந்தான், அடித்தான். இரண்டாம் தடவை வந்தான், இடது வேலிக்கு மேலே ஹோம் ரன். சுற்றி ஓடிவந்து தட்டை மிதித்துவிட்டு, குந்தியிருந்த அண்ணனின் முகமூடியை விரலால் சுண்டினான்.

"கிழவா, நீ விரலை நீட்டுறதுக்கு முன்னாடியே எனக்குப் புரிஞ்சிடுது. வேற தொழில் பாரு."

பக்கத்தில் நின்ற நடுவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முன்வரிசையில் இருந்தவர்களுக்கும் அது காதில் விழுந்தது, அவர்களும் சிரித்தார்கள். எமிலும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு அவன் தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. வேலியோரத்து மனிதர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஏதோ தலையாட்டியதை அவன் பார்த்தான். பதின்மூன்று வருடத்தில் அவனுக்காக எவரும் அப்படித் தலையாட்டியதில்லை. இடைவேளையில் டெலானி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். திட்டவில்லை. "உன் தம்பி உன்னை வச்சு விளையாடுறான், எமில்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார்.

எட்டாவது சுற்றில் ஹாரிங்டன் ஒரே ஒரு ஓட்டம் முன்னால் இருந்தது. பெல்ஃபோர்ட்டில் இரண்டு பேர் அவுட், இன்னும் ஒருவன் போனால் சுற்று முடிந்துவிடும். இரண்டு பேர் ஓடத் தயாராக மூலைகளில் நின்றார்கள். அப்போது ரூடி மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"அம்மா உனக்கு உருண்டை எடுத்து வச்சிருப்பாங்க," என்றான், மண்ணைக் காலால் கீறியபடி.

எமில் முதல் பந்தைத் தூரமாகக் கேட்டான். லோனி போட்டான். இரண்டாவதையும் தூரமாகக் கேட்டான். ரூடி இன்னும் குனிந்தான். அவனுடைய துணித் தொப்பியின் விளிம்பு தட்டுக்கு நேர் மேலே வந்துவிட்டது. அந்தக் காலத்தில் தலைக்கவசம் போடுகிறவனைக் கோழை என்பார்கள்.

எமில் விரல்களை நீட்டினான். வேகப் பந்து, உடம்பை ஒட்டி, நெஞ்சு உயரம்.

லோனி ஒரு கணம் தயங்கினான். கழுத்தை லேசாகச் சாய்த்து மறுபடியும் பார்த்தான். சாடையைச் சரியாகப் படித்தோமா என்று அவனுக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எமில் அதே விரல்களை மறுபடியும் நீட்டினான்.

பந்து நெஞ்சுக்குத்தான் கிளம்பியது. வழியில் மேலேறி உள்பக்கமாக வளைந்தது. ரூடி அசையவில்லை. தூரமாகப் போகப் போகிறது என்றே நம்பி முன்னால் சாய்ந்தான். பச்சைத் தேங்காயைத் தரையில் அறைந்தது போல ஒரு சத்தம். மட்டை ஒரு பக்கம் போக, ரூடி அப்படியே மடங்கி எமிலின் மடியில் விழுந்தான்.

எமில் முகமூடியைப் பிய்த்து எறிந்துவிட்டுத் தம்பியின் தலையைத் தாங்கினான். இடது பொட்டு உள்ளே அமுங்கியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அதில் பார்வை இல்லை.

"ரூடி, டேய், ரூடி. என்னைப் பாருடா."

தூக்குப் படுக்கை வந்தது. எமில் கால் கவசங்களோடே அதன் கூட ஓடி வண்டியில் ஏறினான். மைதானத்தில் ஆட்டம் தொடர்ந்தது. லோனியால் அதற்கு மேல் பந்தைப் பிடிக்க முடியாததால் வேறு ஒருவன் வந்து வீசினான். ஹாரிங்டன் ஜெயித்தது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்த வானொலி அதைச் சொன்னபோது, எமில் கையில் தம்பியின் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ரூடி பிழைத்தான். மண்டையோட்டில் அழுந்திய எலும்பைத் தூக்கி வைத்தார்கள். ஆனால் இடது கண் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். "நரம்பு செத்துப்போச்சு. ஆண்டவன் உயிரை விட்டு வச்சதே பெரிசு," என்றார். சுசானா முக்காட்டை இழுத்து வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு சபிக்க ஆரம்பித்தாள்.

"எங்கேயிருந்தோ வந்த அந்தப் பய, அவன் கை வெந்து போக. அவங்கம்மா வயித்துல நெருப்பு விழ. ஒரு தாய் பெத்த பிள்ளையை இப்படியா அடிப்பான்?"

எமில் சுவரைப் பார்த்தபடி நின்றான். சொல்ல வேண்டிய நேரம் அதுதான். அவன் சொல்லவில்லை.

டெலானி இரண்டு நாள் விடுப்புக் கொடுத்தார். மூன்றாம் நாள் எமில் மறுபடி தட்டுக்குப் பின்னால் குந்தினான். வேறு என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் விரல்கள் ஒரே இடத்தைத்தான் காட்டின. தூரமாக, தூரமாக, இன்னும் தூரமாக. எதிராளிகள் இரண்டே ஆட்டத்தில் அதைக் கண்டுபிடித்துச் சாவகாசமாக நின்று அடித்தார்கள். லோனி மைதானத்துக்கே வரவில்லை. தங்கியிருந்த வீட்டு அறையைப் பூட்டிக்கொண்டான். வீட்டுக்காரி வாசலில் வைத்த தட்டு வைத்தபடியே இருக்கிறது என்றார்கள்.

எமில் போய்க் கதவைத் தட்டினான்.

"லோனி, நான்தான்."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"நீங்க நெஞ்சுக்குத்தான கேட்டீங்க? நான் நெஞ்சுக்குத்தான் போட்டேன். சத்தியமா நெஞ்சுக்குத்தான் போட்டேன், எமில்."

"ஆமாப்பா. உன் மேல தப்பில்லை."

"அவரு உங்க தம்பின்னு தெரியும். அதான் ரெண்டாவது தடவ பாத்தேன். நீங்க மறுபடியும் அதையே காட்டினீங்க."

எமில் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். கதவு திறக்கவில்லை.

ரூடிக்குப் பேச்சு திரும்பியதும், தலையில் கட்டோடு தலையணையில் சாய்ந்து, எல்லாரிடமும் பகடி பேசினான். மருத்துவத் தாதியிடம், "ஒத்தைக் கண்ணால பாத்தாலே நீங்க இவ்வளவு அழகா இருக்கீங்க, ரெண்டும் இருந்தா தாங்க மாட்டேன்," என்றான். அம்மா ஜெபமாலையோடு கீழே கோயிலுக்குப் போனபோது எமில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"ரூடி, அந்தப் பந்தைக் கேட்டது நான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"லோனி பயலுக்குச் சொந்தமா ஒரு யோசனையும் கிடையாதுன்னு லீக்குக்கே தெரியுமே." ரூடி கூரையைப் பார்த்தான். "மத்த எந்த ஊர்ல ஆடுனாலும் நான் கொஞ்சம் பாத்துத்தான் நிப்பேன். எவனாவது உள்ள போட்டுடுவான்னு ஒரு பயம் இருக்கும். ஹாரிங்டன்ல மட்டும் இஷ்டத்துக்குக் குனிவேன். நீ பின்னாடி உக்காந்திருக்கே, நீ அந்தப் பந்தைக் கேக்க மாட்டேன்னு நெனச்சேன்."

"வேணும்னு..." என்று தொடங்கினான் எமில்.

"வேணும்னு பண்ணேன்னு நான் சொல்லலை. ஆட்டத்தை ஜெயிக்கணும்னு பண்ணே. அதுதான் உன் வேலை. நான் உன் இடத்துல இருந்திருந்தா நானும் கேட்டிருப்பேனோ என்னவோ." அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். "அம்மாகிட்ட சொல்லாதே. அவங்க தாங்க மாட்டாங்க. அவன் பேரச் சொல்லித் திட்டிக்கிட்டுப் போகட்டும். ஓக்லஹோமா ரொம்பத் தூரம், அங்க எட்டாது."

எமில் அப்படியே விட்டிருக்கலாம். தம்பியே கேட்டுக்கொண்டான். ஆனால் அடுத்த ஞாயிறு அம்மா வீட்டுக்குப் போனபோது, பக்கத்து வீட்டுப் பெண்கள் சமையலறையில் கூடியிருந்தார்கள். அம்மா அவர்களிடம் லோனியின் பெயரைச் சொல்லி, அவனுக்குப் பிறக்கும் பிள்ளை குருடாகப் பிறக்க வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றியதாகச் சொன்னாள். எமிலின் காதில் அந்தக் கதவுக்குப் பின்னால் கேட்ட குரல் ஒலித்தது. பெண்கள் போகும்வரை காத்திருந்தான்.

"அம்மா, லோனியைத் திட்டாதீங்க. அங்க போடுன்னு சொன்னது நான்தான். அவன் தயங்கினான். ரெண்டாவது தடவையும் நான்தான் சொன்னேன்."

சுசானா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் திரும்பி அவனைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கரிமேட்டைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு குழாயை மூடி, கையை ஏப்ரனில் துடைத்தாள்.

"அந்தப் பையன் சாப்பிட்டானா?" என்று கேட்டாள்.

"யாரு? லோனியா? சாப்பிடலேன்னுதான் சொல்றாங்க."

அவள் பானையில் இருந்ததை ஒரு தூக்குப் பாத்திரத்தில் போட்டு, துணி சுற்றிக் கட்டினாள். கோயிலுக்குப் போகும்போது போடும் கோட்டை மாட்டிக்கொண்டாள். பேருந்தில் எமிலுக்குப் பக்கத்தில் உட்காராமல் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

லோனியின் அறைக் கதவை அவள் தட்டவில்லை. சாவித் துவாரத்தில் வாயை வைத்து, "நான் ரூடியோட அம்மா," என்றாள். கதவு உடனே திறந்தது. தாடியும் கசங்கிய சட்டையுமாக நின்றவன், அவள் அடிக்கப் போகிறாள் என்று நினைத்தவன் போலக் கையைத் தொங்கப் போட்டுத் தலையைக் குனிந்தான். சுசானா பந்து வீசும் அந்த வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டாள்.

"உன்னைத் தப்பாப் பேசிட்டேன்பா. உங்கம்மாவையும் பேசிட்டேன். மன்னிச்சிக்க. உக்காரு, சாப்பிடு."

லோனி கட்டிலில் உட்கார்ந்து, முள்கரண்டி கூட இல்லாமல் கையாலேயே தின்றான். தின்றுகொண்டே அழுதான். சுசானா அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். எமில் வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை.

மறுநாள் லோனி ரயிலேறி ஊருக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் எந்த மைதானத்திலும் பந்து வீசியதாகக் கேள்வி இல்லை.

ஆகஸ்டின் கடைசி நாட்களில் ரூடியை ஆஸ்பத்திரியிலிருந்து அம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். சிகாகோவிலிருந்து ஒரு பூங்கொத்து வந்தது, வேறு எதுவும் வரவில்லை. ஒரு மத்தியானம் ரூடி எமிலுக்குப் போன் செய்தான்.

"கையுறையையும் ரெண்டு மூணு பந்தையும் எடுத்துக்கிட்டு வா. பாத்துடலாம்."

"டாக்டர் கூடாதுன்னு..."

"வர்றியா, இல்ல வேற ஆளக் கூப்பிடட்டுமா?"

கரிமேட்டுக்குப் பின்னால் அந்தப் பழைய காலி மனையில் புல் வளர்ந்திருந்தது. ரூடி மட்டையோடு நின்றான், முன்னைப் போலவே முட்டி மடக்கி, தலையை நீட்டி. எமில் பத்தடி தூரத்திலிருந்து குழந்தைக்குப் போடுவது போல மெதுவாகப் போட்டான். மட்டை சுழன்றது. பந்து அது போன பின்னால் வந்தது. மறுபடி போட்டான். இந்தத் தடவை பந்து முன்னால் போய்விட்டது.

"இன்னும் கிட்ட வந்து போடு."

கிட்ட வந்து போட்டான். ரூடி காற்றைத்தான் அடித்தான். பந்து எங்கே இருக்கிறது என்று ரூடிக்குத் தெரிந்தது, எவ்வளவு தூரத்தில் என்று தெரியவில்லை. கழுத்தைத் திருப்பி வலது கண்ணை முன்னால் கொண்டுவந்து பார்த்தான். நிற்கும் விதத்தை மாற்றிப் பார்த்தான். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. கடைசியில் ஒரு பந்து மட்டையின் நுனியில் பட்டு எங்கோ புல்லுக்குள் உருண்டது. எமில், "ஆங், அதான்! அதான்டா!" என்று கத்தினான். கத்திய பிறகுதான் தம்பியின் முகத்தைப் பார்த்தான்.

"அப்படிக் கத்தாதே, எமில்," என்றான் ரூடி மெல்ல. கிழவா என்று கூப்பிடவில்லை. "எனக்கு எட்டு வயசு இல்லை."

மட்டையைப் புல்லில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான். எமில் பந்துகளைத் தேடிப் பொறுக்கினான். ஒன்று கிடைக்கவில்லை. வெகுநேரம் தேடினான். தேடுவதை நிறுத்தினால் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும்.

ஹாரிங்டன் அந்த வருடம் முதல் இடத்தைப் பிடித்தது. பட்டாளம் மாதிரி ஊர்வலம் போனார்கள். எமில் போகவில்லை. டெலானி அவனை ஒதுக்கிவிட்டு வேறு கேட்சரை வைத்தார். குளிர்காலத்துக்கு முன்பே எமில் சுரங்கத்தில் நிலக்கரி சலிக்கும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். ரூடி கிளீவ்லாந்தில் ஒரு கம்பித் தொழிற்சாலைக்குப் போனான். அங்கே யாருக்கும் அவன் யாரென்று தெரியாது, அதுவே அவனுக்குப் பிடித்திருந்தது.

கிறிஸ்துமஸுக்கு ரூடி வந்தான். அம்மா இரண்டு பேருக்கும் பரிமாறினாள். எமிலுக்கும் குறை வைக்கவில்லை, நிறையவே வைத்தாள். ஆனால் அவன் முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம் அவளுக்குத் திரும்ப வரவில்லை. அண்ணனும் தம்பியும் பனியைப் பற்றியும் காரின் பாட்டரியைப் பற்றியும் பேசினார்கள். ரூடி கிளீவ்லாந்து மேஸ்திரியைப் போல நடித்துக் காட்டினான். எமில் உண்மையாகவே சிரித்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு எமில் காபி ஊற்றித் தம்பியிடம் நீட்டினான். ரூடி பேசிக்கொண்டே கையை நீட்டினான். விரல்கள் கோப்பைக்கு ஒரு சாண் முன்னால் காற்றில் மூடிக்கொண்டன. அவன் பேச்சை நிறுத்தவில்லை. எமில் கோப்பையை மெல்ல முன்னால் நகர்த்தி, தம்பியின் கைக்குள் வைத்து, அவன் பிடித்துக்கொண்டான் என்று தெரிந்த பிறகு விட்டான்.